லைக்காவும் கட்டைவிரலும்

பழைய லைக்கா எம் வரிசை கேமராவுல படம் எடுக்கிறவங்க யாராவது கண்ணுல பட்டா, அவங்களோட வலதுகைக் கட்டைவிரலைக் கவனிங்க. ஃபிலிம் நகர்த்துற லீவரைக் கொஞ்சம் வெளிய இழுத்து விட்டிருப்பாங்க. லீவருக்கும் கேமரா முதுகுக்கும் நடுவுல இருக்கிற இடுக்குல கட்டைவிரல் போய் உட்கார்ந்திருக்கும். பார்த்தா சும்மா இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா வலதுகைப் பிடியில பாதி அந்த விரல்தான்.

இந்தப் பதிவு அந்த இடுக்கோட கதை. அது எப்படி வந்துச்சு, எப்படிக் காணாமப் போச்சு, காணாமப் போனதும் எத்தனை விதமான கைப்பிடிகள் கடைக்கு வந்துச்சு, அதுல எது யாருக்கு உதவும்னு பார்க்கலாம். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கோங்க :-)

முதல்ல ரேஞ்ச்ஃபைண்டர் கேமரான்னா என்னன்னு ரெண்டு வரி. எஸ்எல்ஆர்ல லென்ஸ் வழியா வர்ற காட்சியை ஒரு கண்ணாடி மேல திருப்பி விடும், நாம அதைப் பார்ப்போம். ரேஞ்ச்ஃபைண்டர்ல அந்தக் கண்ணாடியே கிடையாது. கேமரா நெத்தியில தள்ளித் தள்ளி ரெண்டு ஜன்னல் இருக்கும். ரெண்டுலயும் வர்ற காட்சி ஃபைண்டருக்குள்ள இரட்டையாத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக ரெண்டும் நெருங்கும், ஒண்ணா ஒட்டினா ஃபோகஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தம். நம்ம ரெண்டு கண்ணு தூரத்தை அளக்கிற அதே கணக்கு.

கண்ணாடி இல்லாததால ரெண்டு லாபம். உடம்பு ஒல்லியா இருக்கும். ஷட்டர் அழுத்தும்போது கண்ணாடி மேல தூக்கி அடிக்கிற அதிர்ச்சியும் இருக்காது. 50 மி.மீ. லென்ஸை 1/50 நொடிக்குக் கீழ கையில பிடிக்காதேங்கிறது பொது விதி. ரேஞ்ச்ஃபைண்டர்ல பழகின கை 1/15 வரைக்கும் தைரியமா இறங்கும். ஆனா அந்தத் தைரியம் முழுக்க பிடியை நம்பி இருக்கு. பிடி நழுவினா படம் ஆடிப்போச்சு, அவ்வளவுதான். அதனால கைப்பிடிங்கிறது இங்க அலங்காரச் சாமான் இல்ல.

மூச்சிரைப்புக்காரர் செஞ்ச கேமரா

ஜெர்மனியில வெட்ஸ்லார்னு ஒரு சின்ன ஊர். அங்க எர்ன்ஸ்ட் லைட்ஸ் கம்பெனி மைக்ராஸ்கோப் செஞ்சுட்டு இருந்துச்சு. 1911ல அங்க வேலைக்குச் சேர்ந்தவர் ஆஸ்கர் பார்னாக். அவருக்கு ஆஸ்துமா. மலையேறிப் படம் எடுக்கிறதுல ஆசை, ஆனா அந்தக் காலத்து கேமராவும் 13க்கு 18 செ.மீ. கண்ணாடித் தகடுகளும் அவரால தூக்க முடியாத சுமை. அதனால சினிமா ஃபிலிம் சுருளைப் போட்டு, கைக்குள்ள அடங்கற மாதிரி ஒரு கேமரா செஞ்சார். முதல் மாதிரி உருவானது 1914 வாக்குல. நடுவுல உலகப் போர். முதலாளி இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் துணிஞ்சு சரின்னு சொல்ல, 1925ல லைப்சிக் சந்தையில 'லைக்கா' மக்கள் பார்வைக்கு வந்துச்சு.

அதோட வடிவம் உள்ளேயிருந்து வந்தது. ஒரு பக்கம் ஃபிலிம் டப்பா உருளை, இன்னொரு பக்கம் சுருட்டிக்கிற உருளை. அதைச் சுத்தி உலோகத் தகட்டை வளைச்சா ரெண்டு முனையும் தானாவே உருண்டையா வந்துடும். உள்ளங்கைக்கு அது இதமா அமைஞ்சுது. கைப்பிடின்னு தனியா எதுவும் கிடையாது. சொல்லப்போனா 1933ல வந்த லைக்கா III வரைக்கும் வார் மாட்டுற வளையம்கூட உடம்புல இல்ல. வார் இருந்தது தோல் உறையிலதான்.

சோப்புக் கட்டி மாதிரி வழவழன்னு இருந்ததை எப்படிப் பிடிச்சாங்க? இடதுகை இருக்கே! கேமராவோட எடையை இடது உள்ளங்கையில ஏந்தி, விரல்களால லென்ஸைத் திருப்பணும். அந்தக் கால 50 மி.மீ. எல்மார் லென்ஸ்ல ஒரு சின்னக் குமிழ் இருக்கும். விரல் அதுல மாட்டிக்கும். வலதுகைக்கு வேலை ஷட்டர் அழுத்துறதும், மேல இருக்கிற திருகைச் சுத்தி ஃபிலிமை நகர்த்துறதும்தான். எந்த விரல் எங்க இருக்கணும்னு வேலையே சொல்லிடுச்சு. ரேஞ்ச்ஃபைண்டருக்கு முதல் கைப்பிடி இடதுகைதான். இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

விரலை மறிச்ச ஜன்னல்

1932ல போட்டி சூடு பிடிச்சுது. லைக்கா II ரேஞ்ச்ஃபைண்டரை லென்ஸோட இணைச்சு வந்துச்சு. அதே வருஷம் டிரெஸ்டன்ல இருந்து சைஸ் ஐகான் கம்பெனி கான்டாக்ஸை இறக்குச்சு. ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல தூரம் கூடக்கூட அளவு துல்லியமாகும்ங்கிறது கணக்கு. லைக்காவுல அந்தத் தூரம் 4 செ.மீ.கூட இல்ல. 1936ல வந்த கான்டாக்ஸ் IIல 9 செ.மீ. காகிதத்துல பார்த்தா கான்டாக்ஸுக்குத்தான் ஜெயம்.

ஆனா ஜன்னலைத் தள்ளித் தள்ளி வெச்சதுல, ஒரு ஜன்னல் வலதுகை விரல் இயல்பா வந்து விழுற இடத்துக்கே போயிடுச்சு. சாதாரணமாப் பிடிச்சா விரல் ஜன்னலை மூடிடும், இரட்டைக் காட்சியே தெரியாது. அதனால விரல்களை ஜன்னல்ல படாம விலக்கி, வளைச்சுப் பிடிக்கக் கத்துக்கிட்டாங்க. அந்தப் பிடிக்கே 'கான்டாக்ஸ் கிரிப்'னு பேர் வந்துச்சு. 1948ல நிக்கான் தன்னோட முதல் கேமராவைச் செஞ்சப்ப, உருவத்தையும் விரலால திருப்புற ஃபோகஸ் சக்கரத்தையும் கான்டாக்ஸ்கிட்ட இருந்து எடுத்துக்கிச்சு. அதோட இந்த விரல் பிரச்சனையும் சேர்ந்தே வந்துச்சு.

துல்லியம் வேணும்னா கை விட்டுக்கொடுக்கணும், கைக்கு வசதி வேணும்னா துல்லியம் விட்டுக்கொடுக்கணும். லைட்ஸ் இதுக்கு வேற வழி தேடிச்சு. 1933ல லைக்கா IIIல ஜன்னல் தூரத்தைக் கூட்டாம, ரேஞ்ச்ஃபைண்டர் காட்சியை ஒன்றரை மடங்கு பெரிசாக் காட்டினாங்க. கை அதே இடத்துல இருந்துச்சு.

அடியில ஒரு விசை

திருகைச் சுத்தி ஃபிலிம் நகர்த்தணும்னா ஒவ்வொரு படத்துக்கும் கேமராவைக் கண்ணுல இருந்து எடுக்கணும், பிடியைத் தளர்த்தணும். 1930கள்லயே லைட்ஸ் இதுக்கு ஒரு துணைக் கருவி கொண்டுவந்துச்சு. கேமராவோட அடித்தகட்டைக் கழட்டிட்டு, அந்த இடத்துல விசை வெச்ச தகட்டை மாட்டணும். கீழ தொங்கற விசையை இழுத்தா ஃபிலிம் நகரும். பின்னாடி 'லைக்காவிட்'ங்கிற பேர்ல இது பிரபலமாச்சு. 1956ல பத்திரிகைக்காரங்களுக்காகச் சில நூறு மட்டும் செஞ்ச எம்பி கேமராவுல இதுவும் கூடவே வந்துச்சு. அதே வருஷம் கேனன் விடி மாடல்ல விசையை உடம்போடவே சேர்த்துட்டாங்க. ரொம்ப வருஷம் கழிச்சு, கனடாவுல டாம் ஆப்ரஹாம்சன்ங்கிறவர் 'ரேபிட்வைண்டர்'னு ஒண்ணைச் செஞ்சு அந்த மரபை உயிரோட வெச்சிருந்தார்.

வேகத்துக்காக வந்த சாமான் இது. ஆனா மாட்டினவங்களுக்கு உபரியா ஒரு லாபம்: கேமரா கொஞ்சம் உயரமாகி, சுண்டு விரலுக்கும் இடம் கிடைச்சுது.

எம்3யும் அந்த இடுக்கும்

1954ல எம்3. அகலம் 138 மி.மீ., உயரம் 77, தடிமன் 33.5. இந்த மூணு எண்ணும்தான் இன்னிக்கு வரைக்கும் எம் வரிசைக்கு அளவுகோல். திருகு போய் லீவர் வந்துச்சு. ஆரம்பத்துல ரெண்டு தடவை தள்ளணும், 1958ல இருந்து ஒரு தடவை போதும். 1967ல எம்4 வந்தப்ப லீவர் நுனியில மடங்கற பிளாஸ்டிக் துண்டு சேர்ந்துச்சு.

லீவரோட வேலை ஃபிலிமை நகர்த்தி ஷட்டரைத் தயார் பண்றது. அடுத்த படத்துக்குச் சீக்கிரம் தள்ளணும்னா கட்டைவிரல் பக்கத்துலயே காத்திருக்கணும். காத்திருந்த விரல் அப்படியே லீவர் இடுக்குல சாஞ்சுக்கிச்சு. முன்னாடி மூணு விரல், பின்னாடி லீவர்ல கொக்கி மாதிரி ஒரு விரல், கேமரா அசையாது. வெளியே வல்கனைட்ங்கிற சொரசொரப்பான ரப்பர் பூச்சு வேற. வியர்வைக் கையிலயும் வழுக்காது. தட்டையான கேமராவுக்குத் தனிக் கைப்பிடியே தேவைப்படாமப் போச்சு.

1971ல லைக்கா எம்5ல உடம்பைப் பெரிசாக்கிப் பார்த்தாங்க. அகலம் 150 மி.மீ. வார் வளையம் ரெண்டும் ஒரே பக்கத்துல, கேமரா நெட்டுக்குத்தா தொங்கற மாதிரி. வாங்கினவங்க முணுமுணுக்க, மூணாவதா ஒரு வளையம் சேர்க்க வேண்டியதாச்சு. வியாபாரம் எடுபடலை. 1975ல எம்5 கதை முடிஞ்சுது. அடுத்து வந்த எம்4-2 பழைய அளவுக்கே திரும்பிடுச்சு.

அதே நேரத்துல எஸ்எல்ஆர் வேற பாதையில போச்சு. 1978ல கேனன் ஏ-1ல கழட்டி மாட்டுற சின்ன விரல்பிடி. 1986ல டி90ல உடம்போட வளைஞ்சு வந்த பெரிய கைப்பிடி. 1987ல ஈஓஎஸ் 650ல அந்தக் கைப்பிடிக்குள்ளயே பேட்டரி உட்கார்ந்துடுச்சு. அதுக்கப்புறம் அதை யாரால எடுக்க முடியும்? இங்கதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. எஸ்எல்ஆர்ல கைப்பிடிக்குன்னு ஒரு வேலை இருந்துச்சு, அது நிலைச்சுடுச்சு. லைக்காவுல பிடியா இருந்தது வேற வேலைக்கு வந்த லீவர். அந்த வேலை போனா பிடியும் போயிடும். போச்சு.

ஏகலைவன் கதை

2004ல எப்சன் ஆர்-டி1 வந்துச்சு, உலகத்தோட முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர். அதுல லீவர் இருந்துச்சு, சும்மா இல்ல, நிஜமாவே ஷட்டரைத் தயார் பண்ற லீவர். 2006ல லைக்கா எம்8 வந்தப்ப அந்த வேலையைச் சின்ன மோட்டார் எடுத்துக்கிச்சு. நகர்த்த ஃபிலிமும் இல்ல. அப்புறம் லீவர் எதுக்கு? எடுத்தாச்சு. மேல்தகடு பார்க்க சுத்தமா அழகா இருந்துச்சு. துரோணர் மாதிரி, கேட்டது கட்டைவிரலை மட்டும்தான்!

எங்க தொழில்ல இது அடிக்கடி நடக்கும். பழைய புரோகிராம்ல ஒரு ஃபங்ஷன் இருக்கும். அதோட வேலை முடிஞ்சு போச்சு, யாரும் கூப்பிடலைன்னு நினைச்சு ஒருத்தர் தூக்கிடுவார். மறுநாள் காலையில எங்கேயோ ஒரு மூலையில இருந்து போன் வரும். அது செஞ்சுட்டு இருந்த இன்னொரு காரியத்தை நம்பி யாரோ குடித்தனம் நடத்திட்டு இருந்திருப்பாங்க. எந்த டாக்குமெண்ட்லயும் அது எழுதி இருக்காது. லீவரோட டாக்குமெண்ட்ல 'கட்டைவிரல் தாங்கி'ன்னு எழுதலை.

கூடவே இன்னொண்ணும் நடந்துச்சு. சென்சார், சர்க்யூட், பின்னாடி திரைன்னு அடுக்கினதுல உடம்பு தடிச்சுது. எம்3ல 33.5 மி.மீ. இருந்தது, 2009ல வந்த எம்9ல 37, 2012ல அறிவிச்ச எம்240ல 42. எம்8, எம்9 மேலுறையும் பழைய வல்கனைட் அளவுக்குச் சொரசொரப்பா இல்ல. 2011ல எம்9-பி வந்தப்ப அந்தப் பழைய சொரசொரப்பைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. தடிச்ச உடம்பு, வழுக்குற தோல், கட்டைவிரலுக்கு இடமில்ல. துணைச் சாமான் வியாபாரம் சூடு பிடிக்க வேற என்ன வேணும்?

மேட்ச் டெக்னிக்கல் செஞ்ச 'தம்ஸ் அப்' அதுல பேர் வாங்கினது (நம்ம கூல்டிரிங்க் இல்லீங்க!). ஃப்ளாஷ் மாட்டுற ஹாட் ஷூவுல சொருகற ஒரு உலோகத் துண்டு. அது வளைஞ்சு பின்னாடி வந்து, லீவர் இருந்த அதே இடத்துல முடியும். எந்திரமும் இல்ல, எலக்ட்ரானிக்ஸும் இல்ல. போன இடுக்கைத் திரும்பக் காசு கொடுத்து வாங்கறோம், அவ்வளவுதான்.

லைக்காவும் மெல்ல இறங்கி வந்துச்சு. எம்8, எம்9க்கு அடித்தகட்டுக்குப் பதிலா மாட்டுற கைப்பிடி. எம்240 முதுகுல கட்டைவிரலுக்குச் சின்ன மேடு. அதுக்கு வந்த கைப்பிடியில விரல் நுழைக்கிற வளையம், எஸ், எம், எல்னு மூணு அளவுல. 2017ல எம்10 உடம்பு 38.5 மி.மீ.க்கு இளைச்சுது. அதுக்குக் கம்பெனியே கட்டைவிரல் தாங்கி வித்துச்சு. கடைசியில 2018ல எம்10-டி. பின்னாடி திரை இல்லாத டிஜிட்டல் கேமரா. மேல பார்த்தா, அதே ஃபிலிம் லீவர்! இழுத்தா வெளிய வரும். ஆனா எதையும் நகர்த்தாது, எதையும் தயார் பண்ணாது. கட்டைவிரலுக்கு இடம் கொடுக்கிறது மட்டும்தான் அதோட வேலை. நிறைய பேர் சிரிச்சாங்க, போலி லீவர்னு கிண்டல் பண்ணினாங்க. எனக்கு அது கேலியாத் தெரியலை. 12 வருஷம் தாமதமா டாக்குமெண்டை ஒழுங்கா எழுதி இருக்காங்க.

சரி, எதை வாங்கறது?

ஒவ்வொரு கைப்பிடியும் ஒரு பக் ரிப்போர்ட். உங்க கையில அந்த பக் இருக்கான்னு முதல்ல பாருங்க.

கேமரா கையில முன்பக்கமா சாயுதுன்னா காரணம் லென்ஸ் எடை. 250 கிராம் சுமாருக்கு இருக்கிற 35 மி.மீ. சம்மிக்ரானுக்கு அடிப்பிடி தேவையே இல்ல. 2008ல வந்த 50 மி.மீ. எஃப்/0.95 நாக்டிலக்ஸ் 700 கிராம், எம்9 உடம்பே 585 கிராம்தான். அங்க மூணு விரலுக்கும் முன்பக்கம் பிடிப்பு வேணும், முன்னாடி மேடு இருக்கிற அடிப்பிடிதான் சரி. ஆனா எம்8ல இருந்து எம்10 வரைக்கும் பேட்டரியும் கார்டும் அடித்தகட்டுக்கு உள்ளதான். ஃபிலிம் கேமராவுல ஃபிலிமே அடிவழியாத்தான். தகட்டு மேல திருகற மலிவான பிடி வாங்கினா ஒவ்வொரு தடவையும் அதுவும் வழியில நிக்கும். தகட்டுக்குப் பதிலா மாட்டுற வகை நல்லது. 2022ல வந்த எம்11ல தனி அடித்தகடே இல்ல. அதோட கைப்பிடியில டிரைபாடுக்கான ஆர்க்கா-ஸ்விஸ் தண்டவாளமும் சேர்ந்தே இருக்கு.

கேமரா கையில சுழலுது, கட்டைவிரல் இடம் தேடுதுன்னா கட்டைவிரல் தாங்கி போதும். கவனிக்க வேண்டியது ஹாட் ஷூ. எம்9 ஃபைண்டர்ல 28 மி.மீ. வரைக்கும்தான் சட்டம் தெரியும். 21 மி.மீ. லென்ஸுக்கு வெளி ஃபைண்டர் மாட்டணும்னா அதுக்கும் அதே இடம்தான். எம்240ல எலக்ட்ரானிக் ஃபைண்டருக்கும் அதே இடம். ஒரே நாற்காலிக்கு மூணு பேர் சண்டை. உங்ககிட்ட இருக்கிற லென்ஸைப் பார்த்து முடிவு பண்ணுங்க. ஃபிலிம் கேமராவா? காசு மிச்சம், லீவரை இழுத்து விடுங்க.

படம் அழுத்துற நொடியில மட்டும் ஆடுதுன்னா பிடியில குறை இல்ல, விரல்லதான் குறை. ஷட்டர் பட்டன்ல திருகற 'சாஃப்ட் ரிலீஸ்' குமிழ் இருக்கு. விரல் நுனியால குத்தாம, மடங்கின விரலால உருட்டற மாதிரி அழுத்தலாம். பைக்குள்ள தானா அழுந்தும், கழண்டு தொலையும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

வழுக்குறதுதான் பிரச்சனைன்னா சொரசொரப்பான மேலுறை, முன்னாடி மேடு வெச்ச பாதித் தோல் உறை, மணிக்கட்டு வார். எடையும் கூடாது, அளவும் பெருசாக் கூடாது. நான் முதல்ல இதைத்தான் சொல்வேன்.

எல்லாத்தையும் மாட்டிடாதீங்க. அடிப்பிடி, தாங்கி, குமிழ், உறைன்னு நாலையும் மாட்டினா அது எஸ்எல்ஆர் சைஸுக்கு வந்துடும். மலையேற மூச்சு பத்தாத ஒரு மனுஷன், சுமை வேண்டாம்னு செஞ்ச கேமரா அது. எடுத்துட்டுப் போகாம அலமாரியில இருக்கிற கேமராவை எவ்வளவு கெட்டியாப் பிடிச்சு என்ன பிரயோஜனம்?

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் இப்படிச் செஞ்சு பாருங்க. எடை முழுக்க இடது உள்ளங்கையில, முழங்கை விலாவோட ஒட்டி, வலதுகை சும்மா துணைக்கு. 1/15ல பத்துப் படம், 1/30ல பத்துப் படம். அப்பவும் ஆடினா எந்த விரல் தவிக்குதுன்னு பார்த்து, அந்த ஒரு விரலுக்கு மட்டும் செலவு பண்ணுங்க.